ஜியாதா மேடம்

கப்பல் டிக்கெட் கவுண்டரில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதைவிடப் பெரிய தண்டனை எங்கள் போர்ட் பிளேரில் கிடையாது. நான் நின்றிருக்கிறேன். ஹட் பே தீவுக்குக் கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எல்லோரும் கேட்பார்கள், பதிலை வாங்கிக்கொண்டு நகர்வார்கள். இவள் மட்டும் கண்ணாடித் துவாரத்தில் குனிந்து, "ஜியாதா சே ஜியாதா கித்னா லேட் ஹோதா ஹை?" என்பாள். ரொம்ப மோசமாகப் போனால் எவ்வளவு தாமதமாகும் என்று கேள்வி. உள்ளே இருப்பவர், சாதாரணமாக நேரத்துக்குப் போய்விடும் மேடம் என்பார். சாதாரணம் வேண்டாம், இதுவரைக்கும் ரொம்ப லேட்டானது எவ்வளவு, அதைச் சொல்லுங்கள் என்பாள் இவள். பின்னால் வங்காளிகளும் தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கோ கால் இரண்டும் ஓரிடத்தில் நிற்காது. "ஏம்மா தங்கச்சி, கப்பல் வந்தா ஏறு, வராட்டி வீட்டுக்குப் போ. இதுக்குப் போயி விசாரணைக் கமிஷன் வைக்கிறியே!" என்று கத்துவேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஜியாதா மேடம் என்று அவளுக்குப் பெயர் விழுந்தது அப்படித்தான். வைத்தவர்கள் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் ஆட்டோக்காரர்கள். டாலிகஞ்சில் எங்களுக்குப் பக்கத்து வீடு. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஹட் பேயில் படகு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார், இவளும் அம்மாவும் இங்கே. பாலிடெக்னிக் படித்தவள். பட்டறைகளில் மோட்டார், கண்ட்ரோல் பெட்டி என்று எதை மாட்ட வேண்டுமென்றாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது முப்பது வயதிருக்கும். ஒல்லி. நாற்காலி போட்டால் உட்காரமாட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பாள், நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே எதையாவது முறுக்கிப் பார்ப்பாள்.

வெளியூர்க்காரர்கள் இவளைப் பார்த்ததும் சுனாமியில் எதையோ பறிகொடுத்தவள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஒருவர் நேரிலேயே கேட்டும்விட்டார். "இல்ல சார், அன்னைக்கு நாங்க மதுரையில ஒரு கல்யாண வீட்டுல இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்" என்றாள். காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. சிலருக்குப் பிறவிக் குணம் அது.

அந்தக் குணத்தால் ஒரு சம்பந்தமே போனது. மாப்பிள்ளை வீட்டார் மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். பையன் தங்கமான பையன், கோபமே வராது என்றார் பையனின் தாய்மாமா. காபித் தட்டோடு நின்றவள், "வராம இருக்காது. ரொம்பக் கோவம் வந்தா என்ன செய்வாரு?" என்றாள். மாமா சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. "ரொம்ப ரொம்பக் கோவம். வாழ்க்கையில ஒரே ஒரு நாள் வந்ததுன்னு வைங்க. அன்னைக்கு என்ன செஞ்சாரு?"

பையன் தரையைப் பார்த்தான். பையனின் அம்மா எதையோ சொல்ல வந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, அது மட்டும் விளங்கியது. அவர்கள் கிளம்பிப் போன பிறகு அவளுடைய அம்மா ஒரு பாட்டம் அழுதாள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். "மனுசனை மனுசனாப் பாரு தாயி. மெஷினா அவன்?"

"மெஷினா இருந்தா ஒரு நாள் பூரா ஓட்டிப் பாத்துருவேண்ணே. மனுசன்ங்கிறதாலதான் வாயால கேக்கறேன்" என்றாள்.

எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. பதினைந்து வயதில் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். அவள்மேல் எனக்கு இருந்த பாசத்தில் பொய் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். நான் மரப்பட்டறை வைத்து, பெயர்ப்பலகை செய்கிறவன். கப்பலும் காய்கறியும் நெட்டும் கரண்டும் அதது நினைத்த நேரத்துக்கு வரும் ஊரில் என்னைப் போல ஒரு அவசரக்குடுக்கை பிறந்திருக்கக்கூடாது. 'சலேகா' என்பது என் வார்த்தை. போதும், ஓடும், சமாளிக்கலாம், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பட்டறையில் எனக்குத் துணை முருகேசன், என் மனைவியின் தம்பி. அவன் என்னைவிட மோசம். மரத்தில் கட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகத்தைக் கிட்டே கொண்டுபோய், தூளை வாயால் ஊதி ஊதிப் பார்ப்பான். கண்ணுக்குக் கண்ணாடி போடுடா என்றால் நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்வான்.

ஊருக்குப் பெயர் மாற்றினார்கள் அல்லவா? வீட்டிலும் ஆட்டோவிலும் இன்னும் போர்ட் பிளேர்தான். ஆனால் பலகைகளில் மாற்ற வேண்டுமே! கடை, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். கையால் செதுக்கிக் கட்டுப்படியாகாது என்று எழுத்து வெட்டும் மெஷின் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தேன். மூன்று மோட்டார், ஒரு கட்டர். அதோடு வந்த கண்ட்ரோல் பெட்டி உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் செத்துப்போனது. அதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை மாட்டித் தருகிறேன் என்றாள் இவள். ஒரே நாளில் மாட்டியும் விட்டாள். மோட்டார் ஓடியது. சலேகா என்று நான் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"மரத்தை இறக்குங்கண்ணே. இன்னும் அளக்கல."

"எதை அளக்கணும்? ஓடுதுல்ல?"

அவள் நடந்துகொண்டே விளக்கினாள். மோட்டாருக்கு இந்தக் கம்ப்யூட்டர்தான் 'அடி எடு, அடி எடு' என்று நொடிக்கு ஆயிரம் தரம் சொல்லவேண்டும். ஆனால் அதற்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. திரையைக் காட்டவேண்டும், மவுஸ் நகர்ந்தால் பார்க்கவேண்டும், நெட்டைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். எதிலாவது மூழ்கி ஒரு கணம் பிந்திவிட்டால் மோட்டார் தடுமாறும். தடுமாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சரியான இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டே போகும். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்பில் போய் மோதினால் கட்டர் உடைந்து தெறிக்கும்.

"தெறிச்சா எங்க போகும்? முருகேசண்ணன் மூஞ்சி எங்க இருக்கும்?" என்று கேட்டாள். முருகேசன் ஈ என்று இளித்தான்.

அளப்பதற்குத் திரையில் ஒரு ஜன்னல் திறந்தாள். அதில் முக்கியமாக இரண்டு எண்கள். கம்ப்யூட்டர் இப்போது எவ்வளவு பிந்துகிறது என்று ஒன்று, அது துடித்துக்கொண்டே இருக்கும். ஆரம்பித்ததிலிருந்து ரொம்பப் பிந்தியது எவ்வளவு என்று இன்னொன்று. அது ஏறும், இறங்காது. நொடியைப் பத்து லட்சமாக வெட்டி, அதில் எத்தனை துண்டு என்று கணக்கு. நூறுக்குள் நின்றால் ஓட்டலாம் என்றாள். கீழே ஒரு பட்டன். அதை அமுக்கினால் பழையது அழிந்து, எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரைப் படுத்தத் தொடங்கினாள். ஏசி அறையில் வைக்கவிடவில்லை, தகரக் கூரைக்கடியில் மரத்தூளுக்கு நடுவில் வைத்தாள். நான்கு வீடியோவை ஒன்றாக ஓடவிட்டாள். பென்டிரைவில் எதையெதையோ ஏற்றினாள், இறக்கினாள். ஜன்னல்களைப் பிடித்துத் திரை முழுக்கக் கிண்டினாள். முருகேசனின் போனிலிருந்து நெட்டை வைஃபையில் கொடுத்து வைத்தாள், வாடிக்கையாளர்களின் டிசைனெல்லாம் அப்படித்தான் அதற்குள் வரும். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரைக் கெஞ்சி, சும்மா பொறி அடிக்க வைத்தாள். காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் சாத்தும்வரை இதுதான். எண் நாற்பத்தொன்றில் நின்றது. சரிதானே என்றேன். இன்னொரு நாள் என்றாள். தினமும் காலையில் எண்ணை அழித்துவிட்டுத்தான் தொடங்கினாள். மறுநாளும் நாற்பத்தொன்று. இன்னும் ஒரு நாள் என்றாள்.

மூன்றாவது நாள் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பள்ளிக்கூடப் பலகைக்கு ஆள் வந்து வந்து போனார். மதியத்துக்குமேல் அவளுக்கு ஜெட்டிக்குப் போகவேண்டியிருந்தது, அப்பா கருவாடு அனுப்பியிருந்தார். போகும்போது என் கையில் பென்சிலைக் கொடுத்தாள். "அண்ணே, எதையும் தொடாதீங்க. நம்பரைப் பாத்துக்கிட்டே இருங்க. ஏறுச்சுன்னா அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதி வைங்க. நாய் குரைச்சிருந்தாலும் எழுதுங்க."

அவள் போய் அரைமணி நேரத்தில் ஊர் முழுக்க நெட் போனது. வழக்கம்தான். முருகேசன் வழக்கம்போலப் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதைப் பார்த்தால் அவள் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்துவிடுவாள். மூன்று நாளில் ஒரே ஒரு தரம் ஏறியதற்கு ஒரு வாரமா? ஏதோ எண், ஏதோ கோளாறு, இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் அந்தப் பட்டனை அமுக்கிவிட்டது. விரல்மேல் பழியைப் போடுகிறேன் பாருங்கள். நான்தான் அமுக்கினேன். எண் பூஜ்யமாகி, மெல்ல ஏறி, முப்பத்தெட்டில் நின்றது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

அவள் கருவாட்டு வாசத்தோடு வந்தாள். முப்பத்தெட்டைப் பார்த்தாள். காலையிலேயே முப்பத்தெட்டாகத்தான் இருந்ததா, நாற்பதைத் தொட்டிருந்ததா என்று ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏறவே இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"அட, இங்கேயேதான குத்துக்கல்லு மாதிரி உட்காந்திருக்கேன்!"

நம்பிவிட்டாள். எவனையும் எதையும் வாய்ச்சொல்லுக்கு நம்பாதவள் என்னை நம்பினாள். "அப்ப நாளைக்கு ஓட்டலாம்" என்றாள்.

எந்தப் பட்டறையிலும் முதல் வெட்டுக்கு அவள்தான் மெஷின் பக்கத்தில் நிற்பாள், ஓட்டுகிறவர் வாசலுக்கு வெளியே. அது அவளுடைய சட்டம். மறுநாள் காலை முருகேசனை வெளியே தள்ளிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் நெட் இல்லை, வாசலில் முருகேசன் போனை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். படாக் மரப் பலகை. எழுத்துகள் அழகாக வந்துகொண்டிருந்தன. ஐந்தாவது எழுத்தில் கட்டர் ஒரு விரல்கடை நகர்ந்ததை நானே பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் இரும்பில் மோதிய சத்தம். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கண்ணாடி கண்ணைக் காப்பாற்றியது. அதற்குக் கீழே கன்னம் கிழிந்திருந்தது.

ஆட்டோவில் போகும்போது துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அவள் பேசிக்கொண்டே வந்தாள். "நம்பர் நல்லாத்தானண்ணே இருந்துச்சு. மூணு நாள் பாத்தோமே. அப்ப கிளாம்ப நான்தான் உள்ள தள்ளி வச்சிருக்கணும். என் கைதான் தப்பு." நான் ஆட்டோக்காரனை மெதுவாக ஓட்டுகிறான் என்று கண்டபடி திட்டினேன். அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. நான்கு தையல் போட்டார்கள். தையல் போடும்போதும், "கிளாம்ப எங்க வச்சேன்" என்று விரலால் காற்றில் வைத்து வைத்துப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, சலேகா.

அவள் மெஷின் வேலையை விட்டுவிட்டாள். தகராறு எதுவும் இல்லை. கூப்பிட்டவர்களிடமெல்லாம், என் கை சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். அபர்டீன் பஜாரில் ஒரு மொபைல் கடையில் போன் திரை மாற்றும் வேலைக்குப் போய்விட்டாள். என் பட்டறைக்கு மட்டும் ஒரே ஒருமுறை வந்து, "மெஷின்ல குறை இல்லண்ணே, தப்பு என்மேலதான், நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓட்டினோம். முருகேசன்தான் ஓட்டினான். கண்ணாடி போடு, மெதுவாக ஓட்டு, கிட்டே போகாதே என்று நான் நாய் மாதிரிக் குரைத்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் போட்டான். மூன்றாம் நாள் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

நான்கு மாதம். சாப்பிட உட்கார்ந்தால் மெஷின் சத்தம் மாறியதுபோல் இருக்கும், எழுந்து ஓடுவேன். என் மனைவி எனக்கு வயிற்றில் பூச்சியா என்று கேட்டாள்.

ஒரு நாள் பதினோரு மணிவாக்கில் கட்டர் மறுபடி நகர்ந்தது. கிளாம்பின் விளிம்பை உரசிப் பொறி பறந்தது. உடையவில்லை. முருகேசனின் முகம் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அவன் சிரித்தான். "விடுங்கத்தான், சல்தா ஹை, வேற பலகை போட்டுக்கலாம்." இதோ வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அபர்டீன் பஜாருக்குப் போனேன்.

அவள் ஒரு போனைப் பிரித்துப் போட்டு, தலை குனிந்திருந்தாள். கன்னத்தில் தழும்பு.

"தங்கச்சி, அன்னைக்கு நம்பர் ஏறுச்சு."

"என்னைக்கு?"

"நீ ஜெட்டிக்குப் போனப்ப. நான்தான் பட்டனை அமுக்கி அழிச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சம்."

"அப்ப என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. ஊருக்கே நெட்டு போச்சு. முருகேசன் போனை அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். "வைஃபை" என்றாள். "அவரு போனை அணைக்கிறப்பல்லாம் இது தேடிக்கிட்டுக் கிடந்திருக்கு. தேடுறப்ப மோட்டாரை மறந்திருக்கு. நெட்டு இருக்கறப்ப மட்டுந்தான் நான் அளந்திருக்கேன்." நான்கு மாதமாக விளங்காதது அவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. கண்ணைத் திறந்து, கடைக்காரரின் போனைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள். "இப்பவும் நெட்டு இல்ல. அண்ணே, இப்ப மெஷின்ல யாரு?"

மனதில் இருந்ததை இறக்கிவைக்க ஓடி வந்தவன், மெஷினை நிறுத்திவிட்டு வரவில்லை.

"முருகேசன்."

"ஓடிக்கிட்டு இருக்கா? அடப்பாவி! எனக்குச் செஞ்சதை விடுங்க, நாலு மாசமா அவரை அதுல நிக்க வச்சிருக்கீங்களா?"

முருகேசனுக்குப் போன் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். பிரித்த போனை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் என் தோளில் குத்திக்கொண்டே வந்தாள். எதிலும் அவசரப்படாதவள், "சீக்கிரம், சீக்கிரம்" என்று அழுதாள். டவுன் பஸ் ஒன்று குறுக்கே நின்றபோது இறங்கி ஓடவே பார்த்தாள்.

பட்டறைக்குள் முதலில் நுழைந்தது அவள்தான். மெயின் சுவிட்சைப் படாரென்று இறக்கினாள். கட்டர் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. முருகேசன் முகமெல்லாம் மரத்தூளாக நிமிர்ந்தான். "என்ன தங்கச்சி, கரண்டு போச்சா?" அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணைப் பார்த்தாள், மற்றக் கண்ணைப் பார்த்தாள். பிறகு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அவள் தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். "நாலு மாசமா இந்தக் கைய நம்பாம இருந்தேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

மறுநாள் காலையில் வந்தாள். வைஃபையை எடுத்துவிட்டாள், டிசைனெல்லாம் இனி பென்டிரைவில்தான் என்று முருகேசனிடம் சொன்னாள். அளக்கும் ஜன்னலைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "வெளிய இருங்க" என்றாள். என் பட்டறைக்கு வெளியே, ரோட்டோரத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்களெல்லாம் ஏன் வெளியே என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் முருகேசனையும் வெளியே அனுப்பிவிட்டு முதல் பலகையை அவளே நின்று வெட்டினாள். தழும்புக்கு மேலே அதே கண்ணாடி. பலகை நன்றாக வந்தது. "முருகேசண்ணே, இனி ஓட்டலாம். கண்ணாடி நெத்திக்கு இல்ல, கண்ணுக்கு" என்றாள். அவன் உடனே இறக்கிவிட்டுக்கொண்டான்.

அடுத்த மாதமே மெயின்லேண்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பெரிய பெரிய மெஷின்களையெல்லாம் அளக்கிறாளாம், அவளுடைய அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் கேக் வரும். முருகேசனிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவாள்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பலகையை முடித்து அவள் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். கன்னத்தைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"பரவாயில்ல, வர்றேன் சார்" என்றாள்.